இணைத்த பொது உரையின் தோற்றம் மாறும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தைச் சுற்றியும், வாலாஜாபேட்டை, ஆற்காடு, குடியாத்தம் போன்ற ஊர்களின் சார்பதிவாளர் அலுவலகங்களை ஒட்டியும் ஆவணம் தயாரிக்கும் சிறு அலுவலகங்களில், ஒரே பத்தி பல கோப்புகளில் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. வாடகை ஒப்பந்தத்தின் முன்பண நிபந்தனையும், கிரய ஒப்பந்தத்தின் காலக்கெடு நிபந்தனையும், சொத்து விவரத்தின் தலைப்பில் வரும் மாவட்டம், வட்டம் ஆகிய வரிகளும் அப்படிப்பட்டவை. 2019ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தபோது, வாலாஜா வட்டத்துச் சொத்துக்கும் ஆம்பூர் வட்டத்துச் சொத்துக்கும் மாவட்டப் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. அதே ஆண்டு பிப்ரவரியில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, வாடகை ஒப்பந்தம் எழுத்துமூலம் இருக்க வேண்டும் என்றானதால் அந்த நிபந்தனைகளும் மாறின. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து திருத்துவதைவிட, பொது உரையை ஒரு மூலக் கோப்பில் வைத்து மற்றக் கோப்புகளை அதனோடு இணைத்துவிடுவதே சரியான ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டில் உரை ஒழுங்காக வந்து சேர்ந்துவிடும். தோற்றம்தான் கோப்புக்குக் கோப்பு மாறிக்கொண்டிருக்கும். ஒரு பத்திரத்தில் எழுத்து பெரிதாகவும், இன்னொன்றில் வரி இடைவெளி அகலமாகவும், மூன்றாவதில் நிபந்தனை எண் 14இலிருந்து தொடங்குவதாகவும் காணப்படும். கீழ்க்காணும் வழிமுறை விண்டோஸில் இயங்கும் மைக்ரோசாஃப்ட் வேர்டை முதன்மையாகக் கொண்டது. லிப்ரே ஆஃபிஸ் ரைட்டருக்கு உரியதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். நிரல் சொற்களைப் படிப்பதற்கு எளிதாகத் தமிழ் எழுத்தில் தந்திருந்தாலும், கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.

முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய விதி

பெரும்பாலான அறிகுறிகளுக்குக் காரணம் ஒரே விதிதான். இணைப்பு வழியாக வரும் பத்தி தன்னுடன் ஸ்டைலின் (எழுத்துரு, அளவு, இடைவெளி முதலியவற்றை ஒரு பெயரின் கீழ்ச் சேர்த்து வைத்த அமைப்பின்) பெயரை எடுத்து வருகிறது. அந்தப் பெயரில் ஒரு ஸ்டைல் பெறும் கோப்பில், அதாவது உரை வந்து சேரும் கோப்பில், ஏற்கெனவே இருந்தால், பெறும் கோப்பின் வரையறையே செல்லும். மூலக் கோப்பின் வரையறை கைவிடப்படும். அந்தப் பெயர் பெறும் கோப்பில் இல்லையென்றால் மட்டுமே மூலத்தின் வரையறை உள்ளே வரும். ஆனால், மூலத்தில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து அதற்கு நேரடியாகக் கொடுத்த அளவு, தடிமன், நிறம் ஆகியவை ஸ்டைலோடு சேராதவை. அவை எங்கு போனாலும் கூடவே வரும். ஆகவே ஒரே பத்தியில் பாதி பெறும் கோப்பின் தோற்றத்தையும், பாதி மூலத்தின் தோற்றத்தையும் ஏற்பது வியப்பல்ல. திருத்தத்தை இணைத்த உரையின் மீது செய்யாமல் ஸ்டைலில் செய்ய வேண்டும் என்பது இதிலிருந்து வருகிறது. இணைத்த உரையின் மீது செய்யும் எந்த அலங்காரமும் அடுத்த புதுப்பிப்பு வரைக்கும்தான்.

எந்த அறிகுறியானாலும் தொடங்கும் இடம்

ஆல்ட் விசையுடன் எஃப்9 அழுத்துங்கள். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். இணைத்த உரை மறைந்து, அதன் இடத்தில் நெளிவடைப்புக்குள் ஃபீல்டு நிரல், அதாவது உரையை எங்கிருந்து எடுப்பது என்று வேர்டுக்குச் சொல்லும் கட்டளை, தெரியும். அது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

{ இன்க்ளூட்டெக்ஸ்ட் "டி:\\பொது\\நிபந்தனைகள்.டாக்எக்ஸ்" முன்பணம் }

முதற்சொல் ஃபீல்டின் வகை. மேற்கோளுக்குள் இருப்பது கோப்பின் பாதை. கடைசிச் சொல் மூலத்தில் உள்ள புக்மார்க்கின், அதாவது பெயரிட்டுக் குறித்து வைத்த பகுதியின், பெயர். பாதையில் சாய்கோடு இரட்டித்து வருவது பிழையன்று, அது அப்படித்தான் இருக்க வேண்டும். முதற்சொல் லிங்க் என்று இருந்தால், அந்த இணைப்பு பேஸ்ட் ஸ்பெஷல் வழியாக ஒட்டப்பட்டது. நெளிவடைப்பே தென்படவில்லை என்றால், அங்கே இணைப்பு இல்லை. யாரோ வெறுமனே நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். தோற்றத்தைத் தேடித் திருத்துவதற்கு முன் இந்த ஒன்றை உறுதிசெய்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். மீண்டும் ஆல்ட், எஃப்9 அழுத்தினால் உரை திரும்ப வரும்.

அத்துடன் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்ற வரிசையில் சென்று, ஃபீல்டு ஷேடிங் என்பதை எப்போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைத்த பகுதிகள் திரையில் சாம்பல் பின்னணியுடன் தெரியும். அச்சில் அது வராது. அதே பக்கத்தில் புக்மார்க்குகளைக் காட்டும் தேர்வும் உண்டு. மூலக் கோப்பில் வேலை செய்யும்போது அதையும் இயக்கி வையுங்கள்.

அறிகுறி: இணைத்த பத்தியின் எழுத்தும் இடைவெளியும் சுற்றியுள்ள பத்திகளோடு பொருந்தவில்லை

இணைத்த பத்தியில் சுட்டியை வைத்து ஷிஃப்ட், எஃப்1 அழுத்தினால், வலப்பக்கத்தில் அந்த எழுத்தின் வடிவமைப்பு முழுவதும் விரியும். எது ஸ்டைலிலிருந்து வருகிறது, எது நேரடியாகக் கொடுக்கப்பட்டது என்பதைப் பிரித்துக் காட்டும் தேர்வு அந்தப் பலகையின் அடியில் இருக்கிறது, அதை இயக்குங்கள். நேரடி வடிவமைப்பு என்ற வரியில் ஏதாவது தென்பட்டால் குற்றவாளி அதுதான். மூலக் கோப்பைத் திறந்து, அந்தப் பத்தியை முழுவதுமாகத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல், ஸ்பேஸ் அழுத்தினால் எழுத்தின் நேரடி வடிவமைப்பும், கண்ட்ரோல், க்யூ அழுத்தினால் பத்தியின் நேரடி வடிவமைப்பும் நீங்கும். சேமித்துவிட்டு, பெறும் கோப்பில் இணைப்பின் மீது எஃப்9 அழுத்திப் புதுப்பிக்க வேண்டும்.

நேரடி வடிவமைப்பு எதுவும் இல்லாமலே தோற்றம் மாறியிருந்தால், பத்தி நார்மல் என்ற ஸ்டைலில் இருக்கிறதா என்று பாருங்கள். நார்மல் என்ற பெயர் எல்லாக் கோப்பிலும் உண்டு; அதன் பொருள்தான் எல்லாக் கோப்பிலும் ஒன்றல்ல. வேர்டு 2003இல் உருவான கோப்பில் நார்மல் என்றால் டைம்ஸ் நியூ ரோமன் 12 புள்ளி, பத்திக்குப் பின் இடைவெளி இல்லை. 2007இல் உருவானதில் கேலிப்ரி 11 புள்ளி, வரி இடைவெளி 1.15, பத்திக்குப் பின் 10 புள்ளி. 2013க்குப் பிந்தையதில் வரி இடைவெளி 1.08, பத்திக்குப் பின் 8 புள்ளி. அண்மைய பதிப்புகளில் எழுத்துரு ஆப்டோஸ் ஆகிவிட்டது. பத்தாண்டுக்கு முன் யாரோ தயாரித்த மாதிரிக் கோப்பையே இன்றும் ‘சேவ் ஆஸ்’ செய்து பயன்படுத்துவது நம் பக்கத்து அலுவலகங்களில் வழக்கமாக இருப்பதால், ஒரே கணினியிலேயே இந்த எல்லா வகை நார்மலும் கலந்து கிடக்கின்றன.

ஆகவே பொது உரைக்கு நார்மலைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பொது உரைக்கென்றே தனிப்பெயர் கொண்ட ஸ்டைல்களை உருவாக்குங்கள்: ‘பொது உடற்பகுதி’, ‘பொது நிபந்தனை’, ‘பொது சொத்து விவரம்’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், வேர்டு ஏற்றுக்கொள்ளும். அவற்றை உருவாக்கும்போது ‘எதன் அடிப்படையில்’ என்ற பெட்டியில் நோ ஸ்டைல் என்று கொடுத்து, எழுத்துரு, அளவு, வரி இடைவெளி, முன் பின் இடைவெளி, உள்தள்ளல் ஆகிய அனைத்தையும் வெளிப்படையாக நிரப்புங்கள். ஒன்றை நிரப்பாமல் விட்டாலும் அந்த ஓர் இடத்தைப் பெறும் கோப்பின் இயல்புநிலை நிரப்பிவிடும். கோப்புக்குக் கோப்பு மாறுவதும் அந்த ஓர் இடமாகத்தான் இருக்கும். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டியலின் மேலே ‘பாடி’, ‘ஹெடிங்ஸ்’ என்று வருபவற்றைத் தவிர்த்து, பெயர் சுட்டிய எழுத்துருவையே தேர்ந்தெடுங்கள். அந்த இரண்டும் கோப்பின் ‘தீம்’ (எழுத்துரு, நிறங்களின் தொகுப்பு) எதுவோ அதைப் பொறுத்து மாறுபவை.

அறிகுறி: ஆங்கிலச் சொற்களும் எண்களும் சரியாக உள்ளன, தமிழ் மட்டும் சிறிதாகவோ வேறு எழுத்துருவிலோ உள்ளது

தமிழில் வேலை செய்பவர்களை மிகவும் அலைக்கழிக்கும் அறிகுறி இது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உதவிப் பக்கங்கள் இதைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

வேர்டு ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு வரிசை அமைப்புகளை வைத்திருக்கிறது. ஒன்று இலத்தீன் எழுத்துக்கு, மற்றொன்று காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் எனப்படும் எழுத்து முறைகளுக்கு. தமிழ் இரண்டாவது வகை. எழுத்துரு, அளவு, தடிமன், சாய்வு ஆகிய நான்கும் இந்த இரண்டு வரிசைகளில் தனித்தனியே சேமிக்கப்படுகின்றன. ஸ்டைலில் இலத்தீன் பக்கத்தை 13 புள்ளியாக மாற்றிவிட்டு, காம்ப்ளெக்ஸ் பக்கம் 11 புள்ளியில் நின்றுவிட்டால், ‘ரூ.45,000’ என்பதில் எண் பெரிதாகவும் ‘ரூ’ சிறிதாகவும் வரும். தலைப்பு ஸ்டைலில் தடிமன் இயக்கியிருந்தும் தமிழ்த் தலைப்பு தடிக்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

திருத்துவதற்கு, ஃபைல், ஆப்ஷன்ஸ், லாங்க்வேஜ் பகுதியில் தமிழைத் திருத்த மொழியாகச் சேர்த்து, வேர்டை மூடித் திறக்க வேண்டும். அதன்பின் எழுத்துருப் பெட்டியில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்ற தனிப்பகுதி தோன்றும். பெறும் கோப்பில் அந்த ஸ்டைலின் மாடிஃபை பெட்டியைத் திறந்து, ஃபார்மட், ஃபாண்ட் என்று சென்று, இரண்டு பகுதிகளிலும் எழுத்துருவையும் அளவையும் நிரப்புங்கள். மூலக் கோப்பிலும் அதையே செய்யுங்கள்.

இங்கே எழுத்துருத் தேர்வையும் சொல்லியாக வேண்டும். ஆஃபிஸ் தீம்களில் தமிழுக்கென்று குறிக்கப்பட்டிருப்பது லதா எழுத்துரு. ஆனால் விண்டோஸ் 10இலிருந்து லதாவும் விஜயாவும் கூடுதல் தமிழ் எழுத்துருத் தொகுப்பாகத் தனியே நிறுவ வேண்டியவை ஆகிவிட்டன; இயல்பாக இருப்பது நிர்மலா யூஐ. ஆகவே பழைய கணினியில் லதாவில் அமைத்த மூலம், காட்பாடி கிளையில் வாங்கிய புதுக் கணினியில் நிர்மலாவில் தோன்றி, பக்கம் பத்து வரி நீளும். ஸ்டைலில் எந்தக் குறையும் இராது. எல்லாக் கணினியிலும் ஒரே எழுத்துருவை நிறுவுவதுதான் இதற்குத் தீர்வு.

இதோடு சேர்ந்த ஒரு சிறு தொல்லை: வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ என்று நிலையான புள்ளிக்கணக்கில் வைத்திருக்கும் கோப்பில் இணைத்த உரை வந்து விழும்போது, ‘கீ’, ‘தீ’ ஆகியவற்றின் மேற்சுழியும் ‘ளு’, ‘ரூ’ ஆகியவற்றின் கீழ்வளைவும் வெட்டுப்பட்டுத் தெரியும். ஸ்டைலில் அதை ‘அட் லீஸ்ட்’ என்று மாற்றினால் போதும்.

அறிகுறி: தமிழ் உரை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறி வருகிறது

மூல உரை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டது என்பதற்கு இது உறுதியான அடையாளம். அந்த எழுத்துருக்களில் கோப்பில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளே. அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். மூலத்தில் பாமினி எழுத்துரு நார்மல் ஸ்டைல் வழியாக வந்திருந்தால், பெறும் கோப்பின் நார்மலில் வேறு எழுத்துரு இருப்பதால் போர்வை விலகிவிடும். முதலில் சொன்ன விதி இங்கே தன் வேலையைச் செய்கிறது. மூலத்தில் பாமினி நேரடி வடிவமைப்பாக இருந்தால் உரை தமிழாகவே வந்துவிடும் என்பதால், ஒரு கோப்பில் சரியாகவும் இன்னொன்றில் சிதறியும் தோன்றி மேலும் குழப்பும்.

பெறும் கோப்பில் அந்தப் பத்திக்குப் பாமினியைப் போர்த்திச் சமாளிப்பது ஒரு தீர்வாகாது; அடுத்த புதுப்பிப்பில் மீண்டும் சிதறும். மூலத்தை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றிவிடுங்கள். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்ட நிலையில், பொது உரையைப் பழைய எழுத்துருவில் வைத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. எழுத்துரு மாற்றும் கருவியில் ஒட்டும்போது தமிழ்ப் பகுதியை மட்டும் ஒட்டுங்கள். பத்தியின் நடுவில் ஆங்கிலத்தில் உள்ள வங்கிக் கிளைப் பெயரையும் கணக்கு எண்ணையும் சேர்த்து ஒட்டினால், கருவி அவற்றையும் தமிழாகக் கருதி உருக்குலைக்கும். மாற்றிய பிறகு, ‘ர’வும் காலும் இடம் மாறியிருக்கிறதா, மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகிவிட்டனவா என்று ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். பத்திரத்தில் ஒரு காலெழுத்து போனாலும் ஆளின் பெயர் மாறிவிடும்.

அறிகுறி: மூலத்தில் எழுத்துருவை மாற்றினேன், உரை புதுப்பிக்கப்படுகிறது, தோற்றம் பழையதாகவே நிற்கிறது

ஸ்டைலின் வரையறை முதல் இணைப்பின்போது மட்டுமே உள்ளே வருகிறது. அதன்பின் அந்தப் பெயர் பெறும் கோப்புக்குச் சொந்தமாகிவிடுகிறது. எத்தனை முறை எஃப்9 அழுத்தினாலும், பெறும் கோப்பின் வரையறையே வெல்லும். உரைக்கு மூலம் ஒன்று, தோற்றத்துக்கு மூலம் இன்னொன்று என்று ஏற்பாட்டை இரண்டாகப் பிரித்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும்.

பொது ஸ்டைல்கள் அனைத்தையும் கொண்ட ஒரு டெம்ப்ளேட் கோப்பை உருவாக்குங்கள். ஆப்ஷன்ஸில் கஸ்டமைஸ் ரிப்பன் சென்று டெவலப்பர் தாவலை வரவழைத்து, அதில் டாக்குமெண்ட் டெம்ப்ளேட் என்ற பொத்தானை அழுத்தி, மூலக் கோப்பு உட்பட எல்லாக் கோப்புகளுக்கும் அந்த டெம்ப்ளேட்டை இணையுங்கள். ஆவணத்தின் ஸ்டைல்களைத் தானாகப் புதுப்பிக்கும் தேர்வையும் அங்கேயே இயக்குங்கள். அதன்பின் டெம்ப்ளேட்டில் ஒருமுறை செய்த மாற்றம், ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போது அதில் வந்து சேரும். எச்சரிக்கை ஒன்று: டெம்ப்ளேட்டில் உள்ள நார்மல், தலைப்பு ஸ்டைல்களும் இதே வழியில் உள்ளே வந்து கோப்பில் உள்ளவற்றை மாற்றிவிடும். ஆகவே பழைய பத்திரம் ஒன்றின் நகலில் முதலில் செய்து பார்த்துவிட்டு மற்றவற்றுக்குச் செல்லுங்கள்.

ஸ்டைலின் மாடிஃபை பெட்டியில் ‘ஆட்டோமேட்டிகலி அப்டேட்’ என்று இன்னொரு தேர்வு இருக்கிறது. பெயர் ஒத்திருந்தாலும் அதன் வேலை வேறு. அது இயங்கினால், யாராவது ஒரு பத்தியைக் கையால் மாற்றினாலே ஸ்டைல் முழுவதும் மாறிவிடும். பொது ஸ்டைல்களில் அது நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.

அறிகுறி: தடிமன் ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்கு நகர்கிறது

நிரலின் கடைசியில் மெர்ஜ்ஃபார்மேட் என்ற சொல் இருக்கும். முந்தைய உரைக்குப் பெறும் கோப்பில் கொடுத்த அலங்காரத்தைப் புதிய உரைக்கும் போடு என்பது அதன் பொருள். ஆனால் அது சொற்களை வரிசை எண்ணால்தான் அறியும். ‘முன்பணமாக மூன்று மாத வாடகை’ என்பதில் ‘மூன்று மாத’ என்ற இரண்டு சொற்களைப் பெறும் கோப்பில் தடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூலத்தில் ‘திருப்பித் தரத்தக்க’ என்ற இரு சொற்களை முன்னால் சேர்த்துப் புதுப்பித்தால், தடிமன் இரண்டாம், மூன்றாம் இடங்களிலேயே நின்று ‘தரத்தக்க முன்பணமாக’ என்பதன் மேல் விழும். ‘மூன்று மாத’ மெலிந்துவிடும். கையெழுத்துப் போடுபவர் தடித்த இடத்தைத்தான் முதலில் படிக்கிறார் என்பதால், இது வெறும் அழகுப் பிழை அன்று.

நிரலில் அந்தச் சொல்லையும் அதன் முன்னுள்ள சாய்கோடு, நட்சத்திரக் குறிகளையும் நீக்கிவிடுங்கள். குவிக் பார்ட்ஸ், ஃபீல்டு வழியாகச் செருகும்போது, புதுப்பிக்கையில் வடிவமைப்பைக் காக்கும் பெட்டி முன்கூட்டியே இயக்கப்பட்டிருக்கும். அந்தப் பெட்டியின் குறியை எடுத்துவிட்டால் இது வரவே வராது. தடிமன் தேவையென்றால், ‘பொது அழுத்தம்’ என்று ஒரு கேரக்டர் ஸ்டைலை உருவாக்கி மூலத்திலேயே அந்தச் சொற்களுக்குப் போடுங்கள்.

லிங்க் வகை நிரலில், எஃப் என்ற ஸ்விட்ச்சின் (துணைக் கட்டளையின்) பின் வரும் எண்ணைப் பாருங்கள். 0 என்றால் மூலத்தின் வடிவமைப்பு, 2 என்றால் பெறும் கோப்பின் வடிவமைப்பு. எக்செல் அட்டவணையை இணைத்திருந்தால் அதே பொருளில் முறையே 4, 5 வரும். ஒரே ஆவணத்தில் 0, 2 இரண்டும் கலந்திருப்பதுதான் பல நேரம் கோளாறு. என்னைக் கேட்டால், வேர்டுக்குள் உரையை இணைக்க லிங்க் வகையை விட்டு, புக்மார்க்குடன் கூடிய இன்க்ளூட்டெக்ஸ்டுக்கே மாறிவிடுவது நல்லது. அதில் எந்தப் பகுதி வருகிறது என்பதை நாம் பெயரிட்டு அறிந்திருக்கிறோம்.

அறிகுறி: இணைத்த பத்தியால் அடுத்த பத்தியின் அமைப்பு குலைகிறது, அல்லது வாக்கியம் பாதியில் உடைகிறது

வேர்டில் ஒரு பத்தியின் அமைப்பு முழுவதும் அதன் கடைசியில் உள்ள பத்திக் குறிக்குள் இருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 அழுத்தினால் அந்தக் குறி தெரியும். மூலத்தில் புக்மார்க்கின் மூடும் அடைப்பு அந்தக் குறிக்கு முன் இருக்கிறதா, பின் இருக்கிறதா என்று பாருங்கள். முழுப் பத்தியாக வர வேண்டிய நிபந்தனைக்கு, குறி புக்மார்க்குக்குள் அடங்க வேண்டும். அப்போதுதான் பத்தியின் ஸ்டைலும் கூட வரும். ஒரு வாக்கியத்தின் நடுவில் செருகும் சிறு தொடருக்கு, உதாரணமாக ‘இராணிப்பேட்டை மாவட்டம், வாலாஜா வட்டம்’ என்பதற்கு, குறி புக்மார்க்குக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘வட்டம்’ என்பதோடு வரி முறிந்து, ‘கிராமத்தில் அமைந்துள்ள’ என்பது அடுத்த பத்திக்குப் போய்விடும்.

மூலத்தில் புதிதாக ஒரு வாக்கியம் சேர்த்தும் அது பெறும் கோப்புக்கு வரவில்லை என்றால், அதையும் இந்த அடைப்பில் தேடுங்கள். மூடும் அடைப்புக்கு வெளியே தட்டிய சொல் புக்மார்க்கில் சேராது. நிபந்தனையின் கடைசிச் சொல்லுக்கு முன் சுட்டியை வைத்துத் தட்டிவிட்டுப் பின்னர் ஒழுங்குசெய்வது பாதுகாப்பான வழி. பழைய நிபந்தனை முழுவதையும் தேர்ந்தெடுத்து அதன் மேலேயே புதியதைத் தட்டினால் புக்மார்க்கே அழிந்துவிடும்; அப்போது அதே பெயரில் அதை மீண்டும் உருவாக்க வேண்டும்.

மாவட்டப் பெயரை இணைப்பில் வைப்பவர்கள் ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். 1989க்கு முந்தைய தாய்ப் பத்திரங்களில் வட ஆற்காடு மாவட்டம் என்றே இருக்கும். அந்தப் பத்திரத்தை மேற்கோள் காட்டும் பத்தியில் பழைய பெயர் அப்படியே நிற்க வேண்டும். அந்தப் பத்தியை எக்காரணம் கொண்டும் இணைப்பாக்காதீர்கள். கையால் தட்டிய உரையாகவே இருக்கட்டும். செக்குபந்தி (நான்கு எல்லை) விவரமும் சொத்துக்குச் சொத்து வேறுபடுவதால் இணைப்புக்கு உரியதன்று.

அறிகுறி: நிபந்தனை எண்கள் தொடர்கின்றன, அல்லது ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்குகின்றன

பொத்தானை அழுத்திப் போட்ட எண் வரிசை, ஒவ்வொரு கோப்பிலும் தனிப்பட்டியலாகப் பதிவாகிறது. இரண்டு இடங்களிலிருந்து வந்த நிபந்தனைகள் ஒரே வரிசையாகச் சேராது. டெம்ப்ளேட்டில் மல்டிலெவல் லிஸ்ட், டிஃபைன் நியூ என்று சென்று, முதல் நிலையைப் ‘பொது நிபந்தனை’ ஸ்டைலோடும், உட்பிரிவுக்குரிய இரண்டாம் நிலையை அதற்கான ஸ்டைலோடும் பிணைத்துவிடுங்கள். உள்தள்ளலையும் அந்தப் பெட்டியிலேயே கொடுங்கள், பத்தியில் கொடுக்காதீர்கள். மூலத்தில் பொத்தானால் போட்ட எண்களை நீக்கி, ஸ்டைலை மட்டும் போட்டால், எங்கிருந்து வந்தாலும் எண் வரிசை ஒன்றாகவே ஓடும்.

அறிகுறி: பக்க ஓரமோ தலைப்பகுதியோ மாறிவிட்டது

மூலத்திலிருந்து செக்ஷன் பிரேக் (பக்க அமைப்பைப் பகுதிகளாகப் பிரிக்கும் குறி) ஒன்று கூடவே வந்திருக்கிறது. முழுக் கோப்பையும் இணைக்காமல் புக்மார்க் போட்ட பகுதியை மட்டும் இணையுங்கள். அந்த புக்மார்க்குக்குள் செக்ஷன் பிரேக் இருக்கக் கூடாது. முத்திரைத்தாளின் மேற்பகுதிக்காக விட்ட இடம் இதனால் குறைந்துவிட்டால் தாளே வீணாகும் என்பதால், அச்சிடும் முன் முன்னோட்டத்தில் முதல் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: செல்லுபடியாகும் கோப்புப் பெயரோ இணைப்போ இல்லை என்று ஆங்கிலத்தில் பிழைச் செய்தி

மூலக் கோப்பு இடம் மாறியிருக்கிறது, பெயர் மாறியிருக்கிறது அல்லது பெறும் கோப்பைப் பென் டிரைவில் வேறு கணினிக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள். பாதையில் முழு முகவரி பதிவாகியிருப்பதால் இ டிரைவ் எஃப் டிரைவ் ஆனாலே இணைப்பு அறுந்துவிடும். ஃபைல், இன்ஃபோ பக்கத்தின் வலக்கீழ்ப் பகுதியில் உள்ள ‘எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்’ வழியாகப் புதிய இடத்தைக் காட்டலாம். இணைப்புகள் நிறைய இருந்தால், ஆல்ட், எஃப்9 அழுத்தி நிரல்களைத் திறந்து வைத்து, கண்ட்ரோல், எச் மூலம் பழைய பாதையைத் தேடிப் புதிய பாதையை இடுவது விரைவானது. பாதையில் சாய்கோடுகளை இரட்டிக்க மறக்க வேண்டாம். அலுவலகக் கணினிகள் அனைத்திலும் பொதுக் கோப்புறையை ஒரே டிரைவ் எழுத்தில் அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை அடங்கும்.

கோப்பைத் திறந்தவுடன் எல்லாம் தானே புதுப்பிக்கப்படும் என்று நம்பியிருக்க வேண்டாம். கண்ட்ரோல், ஏ அழுத்தி எஃப்9 அழுத்துங்கள். தலைப்பகுதி, அடிப்பகுதி, அடிக்குறிப்பு, உரைப்பெட்டி ஆகியவை அந்தத் தேர்வில் சேராதவை. அவற்றுக்குள் சுட்டியை வைத்துத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். ஒரு பகுதி மட்டும் எஃப்9க்கு அசையவில்லை என்றால் அது பூட்டப்பட்டிருக்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்11 பூட்டைத் திறக்கும். பெறும் கோப்பில் இணைத்த உரைக்குள்ளேயே யாராவது திருத்தம் செய்து, அது சரியான திருத்தமாகவும் இருந்தால், புதுப்பிக்கும் முன் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்7 அழுத்துங்கள். இன்க்ளூட்டெக்ஸ்ட் வகையில் அந்தத் திருத்தம் மூலக் கோப்புக்கே போய்ச் சேரும். ஆனால் அது மற்ற எல்லாப் பத்திரங்களையும் தொடும் செயல் என்பதால், மூலத்துக்குப் பொறுப்பானவர் ஒருவரைத் தவிர மற்றவர்கள் இந்த விசைகளைப் பயன்படுத்தாதிருப்பது நல்லது.

லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில்

இங்கே புக்மார்க்குக்கு மாற்றாக செக்ஷன். மூலக் கோப்பில் நிபந்தனையைத் தேர்ந்தெடுத்து, இன்சர்ட், செக்ஷன் வழியாகப் பெயரிடுங்கள். பெறும் கோப்பில் அதே பெட்டியைத் திறந்து, லிங்க் என்பதை இயக்கி, கோப்பையும் செக்ஷனின் பெயரையும் காட்டுங்கள். ஒரே பெயரில் ஸ்டைல் இருந்தால் பெறும் கோப்பின் வரையறையே வெல்லும் என்ற விதி இங்கும் பொருந்தும். தமிழ் எழுத்துருவை ஸ்டைலின் சிடிஎல் (காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்டுக்கான) பகுதியில் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதும் பொருந்தும். புதுப்பிக்க, டூல்ஸ், அப்டேட், லிங்க்ஸ். அறுந்த இணைப்பைச் சரிசெய்ய, எடிட் பட்டியலில் வெளிக் கோப்பு இணைப்புகளுக்கான பெட்டி இருக்கிறது.

கோப்பு அலுவலகத்தை விட்டு வெளியே போகும்போது

கட்சிக்காரருக்கோ வழக்கறிஞருக்கோ வேர்டு கோப்பாக அனுப்ப வேண்டியிருந்தால், முதலில் நகல் ஒன்றை எடுத்து, அந்த நகலில் எல்லாவற்றையும் புதுப்பித்து, பின்னர் கண்ட்ரோல், ஏ அழுத்தி, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 அழுத்துங்கள். ஃபீல்டுகள் நீங்கி, உரை சாதாரண உரையாக நிலைத்துவிடும். பக்க எண் போன்றவை தலைப்பகுதியிலோ அடிப்பகுதியிலோ இருந்தால் அவை பாதிக்கப்படாது; உடற்பகுதியில் உள்ள ஃபீல்டுகள் எல்லாம் நிலையாகிவிடும் என்பதால், இதை மூலப் பத்திரத்தில் ஒருபோதும் செய்யக் கூடாது. கையெழுத்தாகிப் பதிவான பத்திரத்தின் கோப்பையும் இதே முறையில் இணைப்பு நீக்கிச் சேமித்து வையுங்கள். இல்லையென்றால், அடுத்த ஆண்டு நிபந்தனை மாறும்போது, பதிவான பத்திரத்தின் கோப்பைத் திறந்து யாராவது எஃப்9 அழுத்தினால், பதிவாகாத வாசகம் அதற்குள் வந்து உட்கார்ந்துவிடும்.